மைக்செட் அண்ணன் எண்ணிய சோலைபாடிகள்

"ஒங்க காது பாதி போச்சுங்க" என்று டாக்டர் சொன்னதும், காத்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே எங்கள் மைக்செட் அண்ணன்தான்.

அரிமளம் பக்கம் அவர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத கல்யாணம் கிடையாது. ஊரையே அலறவைக்கிற அந்த மனிதர், வருஷத்தில் ஒரு நாள் மட்டும் மூச்சைக்கூட மெதுவாக விடுவார். சித்திரையில் ஒரு விடியற்காலை, ஐயனார் கோயில் காட்டுக்குள் எத்தனை சோலைபாடி பாடுகிறது என்று எண்ணப் போவார். புதருக்குள் ஒளிந்து பாடும் நீள வால் குருவி அது. லேசில் கண்ணில் படாது, காதால்தான் எண்ண வேண்டும்.

வாலிப வயதிலிருந்து அதே நாள், அதே வீரமரத்தடி, அதே நீலச் சட்டை. அதில் பொத்தான்கூட மிச்சமில்லை.

"வேற சட்டை போட்டா என்னண்ணே?"

"மாத்துனா போன வருஷத்தோட எப்படித் தம்பி ஒப்பிடுறது? எல்லாம் ஒண்ணு போல இருக்கணும்."

துணையாளும் மாறக்கூடாதாம். என் கல்யாண வாரத்தில்கூட என்னை விடவில்லை. நாய் வந்தால் விரட்டுவதுதான் என் வேலை. எனக்குக் குயிலுக்கும் சோலைபாடிக்கும் வித்தியாசம் தெரியாது.

சங்கடம் என்னவென்றால், கணக்கு வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் கைவிரல் போதவில்லை. பிறகு ஒரு கையே அதிகமாகிவிட்டது. போன சித்திரையில் ஒன்றே ஒன்று. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"குழாய்க்கு அடியிலயே குடியிருந்தா காது என்னத்துக்கு ஆகும்? குருவியெல்லாம் அங்கிட்டுத்தான்யா இருக்கும், ஒனக்குத்தான் கேக்கல" என்று கேலி செய்தார் டீக்கடைக்காரர்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா சொல்றீங்க? என் காதுதானா?"

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு அறந்தாங்கிக்கு பஸ் ஏறினார். ஜிலேபி கொடுத்தது அங்கேதான். "காது போனா மெஷின் வாங்கிக்கலாம் தம்பி. குருவி போனா எந்தக் கடையில கேக்குறது?"

இந்தச் சித்திரையில் மெஷினோடு போனோம்.

"எதுவும் மாறக்கூடாதுன்னீங்களே?" என்று சீண்டினேன்.

"மெஷினா புதுசு? என் பழைய காதைத் திருப்பி வாங்கியிருக்கேன்."

என் வயிறு இரைவது கேட்கிறது என்று முதலில் முறைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு விரல் உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதுக்காக வெயில் ஏறும்வரை நின்றோம்.

"ஒண்ணை என் காது தின்னுருக்கு. மத்ததெல்லாம் நெசமாவே போயிருச்சு" என்றார்.

அந்த இரண்டும் கூடு கட்டும் வைகாசியில்தான் ஐயனார் திருவிழா. அதற்கும் மைக்செட் அவர்தான். வழக்கமாக வீரமரத்து உச்சியில் குழாய் கட்டுவார். இந்த வருஷம் மரத்தில் ஒன்றுமில்லை. தரையில் ஒரு சின்னப் பெட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது, ஒண்ணுமே கேக்கலையே?" என்று கொதித்தார் கோயில் நிர்வாகி.

"கேக்கலைன்னா கிட்ட வாங்க" என்றார் அண்ணன், பொத்தானில்லாத அந்த நீலச் சட்டையில்.

முதல் ஆளாக நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணையாள் மாறக்கூடாது, பாருங்கள்.