மஞ்சள் விளக்குக்கு ஒரு சாட்சி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதுவது. அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்காள் சுகம், மகள் சுகம், கார்கூட சுகம். நான் மட்டும் குக்கர் விசில் அடித்தாலே போலீஸ் என்று நினைத்துச் சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். போன வாரம் உன்னை ரயிலுக்குக் கொண்டுவிடும்போது, மணிக்கூண்டு சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன் என்று அந்த மீசைக்காரப் போலீஸ்காரர் அபராதச் சீட்டைக் கையில் திணித்தாரே, அதுதான். நீ ரயில் ஏறித் தப்பித்துவிட்டாய். நான் முழித்துக்கொண்டிருக்கிறேன். பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் எங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மனுஷர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"கட்டினீங்கன்னா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும். சிவப்புல போனவர்னு பதிவாயிட்டா, கத்துக்குடுக்கிற லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டாங்க. கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சுட்டு வாங்க. இல்லாட்டி…" என்று நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். 'எங்கள் மூத்த பயிற்சியாளர்' என்று என் போட்டோ அங்கேதான் தொங்குகிறது. போட்டோவைப் பார்க்கவில்லை, மச்சான். ஆணியைப் பார்த்தார்.

ஆக, கட்டினால் வேலை போகும், வழக்காடினால் உயிர் போகும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல நாக்கு எழாமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் ஆனவன் நான். என் படிப்பு பாதியில் நின்றதற்கு அதுவே காரணம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். இந்த லட்சணத்தில் கூண்டில் ஏறி நிற்பதாவது! உன் அக்காள்தான், "ஒரு தடவை வீட்டுலயே நின்னு பழகிக்கோங்க" என்றாள். மகள் என் கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிபதியானாள். உன் அக்காள் கரண்டியோடு போலீஸ்காரர். நான் இரண்டு நாற்காலிக்கு நடுவில் நின்றேன்.

"உங்க பேரு?" என்றாள் மகள். நான் வைத்த பெயரையே என் பெயராகச் சொல்லிவிட்டேன். அதாவது அவள் பெயரை.

"பேரே வரலை, நியாயம் எங்கேயிருந்து வரப்போகுது?" என்றது போலீஸ்.

"சிவப்பு விளக்கைத் தாண்டினீங்களா?"

"தாண்டினேம்மா, மன்னிச்சுக்கோங்க. போன வருஷம் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்தினேன், அன்னைக்கு யாரும் பார்க்கலை. அதையும் இதோடயே சேர்த்துக்கோங்க."

மகள் கோட்டைக் கழற்றிவிட்டாள். "அப்பா, நீங்க பணத்தையே கட்டிடுங்க" என்றாள்.

ஆனால் அந்த ஆணி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் வழக்காடுவது என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு முடிவுதான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? சிக்னலை நெருங்கும்போது எரிந்தது மஞ்சள், சத்தியம். நானும் பார்த்தேன். பார்த்து, "பிரேக், பிரேக், மெதுவா" என்று கணீரென்று சொல்லவும் சொன்னேன். வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி, சொன்னால் வண்டி நிற்கும் என்றே பழகிவிட்டது. ஓட்டுகிறவன் நான்தான் என்பது சிவப்பில் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் இருந்த நீ பாவம், ஓட்டுகிறவன் நீதான் என்று நான் திரும்பி முறைத்ததில் அரண்டு போய் உன் காலைத் தரையில் அழுத்தினாய். பக்கத்து சீட்டுக்கென்று தனி பிரேக் ஸ்கூல் வண்டியில்தான் உண்டு, நம் வண்டியில் ஏது?

ஆகவே அடுத்த மாதம் விசாரணைக்கு வந்து, 'மஞ்சள்தான் எரிந்தது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ. பிரேக் சமாச்சாரத்தைப் பற்றி மூச்சு விடாதே. அது வெளியே தெரிந்தால் எவன் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருவான்?

நீ போகிற வழியெல்லாம் உனக்குப் பச்சை விளக்காகவே எரியட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கூண்டில் ஏறப்போகும்
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடக் காரில் கிளம்பினேன். அதே மணிக்கூண்டு. சிவப்பு. நிறுத்தக் கோட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன். பச்சை விழுந்தது. "கிளட்ச்சை மெதுவா விடுங்க, பயப்படாதீங்க, போகலாம்" என்றேன். வண்டி போகவில்லை. பின்னால் ஒரே ஹாரன். புதிதாகப் படிக்கிறவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்று பொறுமையாகக் காத்திருந்தேன். மறுபடியும் சிவப்பு விழுந்துவிட்டது. கண்ணாடியைத் தட்டினது அதே மீசை.

"என்ன சார், சிவப்புல போறீங்க, பச்சையில நிக்கிறீங்க! உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. மஞ்சள், பிரேக், நான் முறைத்தது, உன் கால், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் காரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். "இதை அப்படியே ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க சார். வந்தப்போ மஞ்சள்தான்னு நானே சொல்றேன்" என்றார்.

எனவே நீ சாட்சி சொல்ல வர வேண்டாம். ஆனால் அவசியம் வா. கோர்ட்டுக்கு வண்டியை நீதான் ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அந்த சீட்டில் இருந்துகொண்டு இதுவரை நான் ஒரு சிவப்பைக்கூடத் தாண்டியதில்லை.