எங்கள் வத்தலுக்கு யாரும் இருமவில்லை

அன்று களத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், அப்பா, கம்பைநல்லூரிலிருந்து வந்த மிளகாய் வத்தல் வியாபாரி, என் பெரியப்பா மகன் சிவலிங்கம். இல்லாதவர் அம்மா. கடத்தூரில் மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை எழுதும் அவசியமே வந்திருக்காது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிவலிங்கத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நானோ எங்கள் வகையறாவின் முதல் பட்டதாரி, அதுவும் வேதியியல். ஆனாலும் ஊரில் மிளகாய் என்றால் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். இரண்டு மாதம் மூத்ததற்கே என்னைத் 'தம்பி' என்பான். (அவன் மீசைகூட என்னுடையதைவிட நன்றாக விளைந்திருந்தது.)

அந்த வருடம் அப்பா முதன்முறையாக வெள்ளாமையை என்னிடம் விட்டிருந்தார். "நல்ல வெலைக்கு வித்துக் காட்டு. இல்லன்னா அடுத்த போகம் நெலத்த சிவலிங்கத்துக்கே குத்தகைக்கு உட்டுருவேன்."

சிவலிங்கம் தன் வீட்டு நாட்டு விதையைத் தானாகவே கொடுக்க வந்தான். அவன் தயவில் விளைவதா? தருமபுரிக்குப் போய், செக்கச்செவேலென்று படம் போட்ட விதைப் பாக்கெட்டுகளை வாங்கி வந்தேன்.

காய்ந்த வத்தல் படத்தைப் போலவே இருந்தது. வியாபாரி ஒன்றைக் காதோரம் ஆட்டினார்; விதை கலகலத்தது. நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, வாய்ப்புண்ணாம். "கிலோ நூத்தித்தொண்ணூறு போட்டுக்கலாங்க. வண்டில ஒரு வூட்டுச் சரக்குக்குத்தான் எடம். உங்களுதயே ஏத்திக்கறேன்" என்றார்.

வேலியோரம் நின்ற சிவலிங்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் முகம் சுண்டியிருக்கும் என்று ஆசை. அவனோ, "என்னா செவப்புடா தம்பி, கண்ணப் பறிக்குது" என்றான். மனதாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு பட்டுருச்சு" என்றேன், அவன் காதில் விழும்படி. வேதியியல் படித்த நான், பிடி வத்தலும் உப்பும் எடுத்து மூட்டைகளை மூன்று சுற்றுச் சுற்றி, வியாபாரிக்கு டீ வைத்த விறகடுப்பில் போட்டேன். கமறினால் கண் படவில்லை, கமறாவிட்டால் பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கணக்கு அது.

நால்வரும் மூக்கைப் பொத்தத் தயாராக நின்றோம். புகை வந்தது. ஒரு தும்மல் வரவில்லை.

"பாத்தீங்களாங்க, எவ்ளோ கண்ணு" என்றேன் வெற்றியோடு.

வியாபாரி அடுப்பைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "கண்ணு கெடக்கட்டும் தம்பி. காரம் எங்க?"

அப்பா "டேய்" என்றார்.

சிவலிங்கம் எனக்கு உதவப் பார்த்தான். "அடுப்பு அவிஞ்சிருக்கும்ங்க. எங்கூட்டுத போட்டுப் பாக்கலாம்" என்று ஓடிப்போய் ஒரு பிடி கொண்டுவந்து போட்டான். அடுத்த நிமிடம் களமே இருமியது. கட்டியிருந்த மாடும் இருமியது. கண்ணில் நீர் வழிய, பேச்சு வராமல், வியாபாரி சிவலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் அவன் மூட்டைகள் ஏறின.

சாயங்காலம் விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில், 'நிறத்துக்கேற்ற ரகம், காரம் குறைவு'. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்.

ஊரிலிருந்து திரும்பிய அம்மா, "அது ஒரு மாசமா தெரியுமே. கொழம்புக்கு அவங்கூட்டு வத்தலத்தான வாங்கியாறேன். நீ படிச்சவன், உனக்குத் தெரியாததான்னு சும்மா இருந்தன்" என்றார்.

இப்போது நிலம் சிவலிங்கத்திடம். நான் எதை அடித்துப் பேசினாலும், "அடுப்புல போட்டுப் பாத்துரலாமா" என்கிறார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்பா அதையே கேட்டார். எங்களுடைய இருநூற்று நாற்பது கிலோவையும் பிறகு நூற்றுப்பத்துக்குத் தள்ளிவிட்டோம். ஆக நஷ்டம் பத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய். கூடவே ஒரு பிடி உப்பு.