அந்தோணியார் எண்ணெய்க் குப்பி

நீ சிரிக்கதெல்லாம் சிரி ஜெயசெல்வி. கஞ்சா எண்ணெய் பொம்பளைக்கு ஒண்ணும் செய்யாது, எல்லாம் போன்ல வார பொரளின்னு சொல்லுத. நான் செய்யும்னும் சொல்லல, செய்யாதுன்னும் சொல்லல. மாடி வீட்டு தேவபிரசாதம் ஒரு குப்பி கொண்டாந்தான், பத்தே நாள்ல அவன் பொண்டாட்டி விஜிலா மொகம் மாறிப்போச்சு. எப்படி மாறிச்சுன்னு கேட்டுட்டு அப்பறமா சிரி.

தேவபிரசாதம் கப்பல்ல பண்டாரி. முப்பது வருசம் நடுக்கடல்ல நாப்பது பேருக்கு ஆக்கிப் போட்டவன். வீட்டுல ஒரு முட்டை அவிச்சதில்ல. லீவுல வந்தா குசினி எந்தப் பக்கம்னு கேப்பான். போன வருசம் மொத்தமா கப்பல விட்டு எறங்கி வந்து பாக்கான், பொண்டாட்டி செவத்தப் பாத்துப் படுத்திருக்கா.

அவளுக்கு அம்பது ஆவப்போவுது. மாசாமாசம் வாரது நின்னு ரெண்டு வருசம். அந்த வயசுல ஒடம்பு எப்படி வறண்டு போவும்னு நான் ஒனக்குச் சொல்லணுமா. தொட்டா எரியும், கிட்ட வந்தா வலிக்கும். சொல்ல அவளுக்கு வெக்கம். கேக்க இவனுக்குத் தைரியமில்ல. பக்கத்துல படுத்திருக்கவகிட்ட கேக்க வேண்டியத கையில இருந்த போன்கிட்ட கேட்டான்.

போன் சொல்லிச்சாம், சில பொம்பளைங்களுக்கு இந்த எண்ணெய் எடுத்தா வலி கொறையுது, மனசு இளகுது, ஆசை கூடுதுன்னு. சிலருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாய் காயும், தலை சுத்தும், ஆராய்ச்சி இன்னும் பத்தாதுன்னு கீழ எழுதியிருந்துச்சு. இவன் மேல உள்ளத மட்டும் படிச்சான். ஒடனே கூட்டாளி ரெக்சனுக்கு ஒரு செய்தி. ரெக்சன் போற கப்பல் நிக்கித ஊர்ல அது கடையில வச்சு விக்கித சாமான். கட்டைவெரல் ஒசரத்துல ஒரு குப்பிய ஷேவிங் டப்பாக்குள்ள சொருவிக் கொண்டாந்து குடுத்துட்டான்.

கையில வாங்குனானோ இல்லியோ, பயம் வந்துட்டு. அங்க கடைச்சரக்கு, இங்க ஜெயிலு. நம்ம கரையில கஞ்சா பிடிக்காத மாசம் உண்டா. ஆள வரிசையா நிப்பாட்டி, முன்னால மூட்டைய அடுக்கி, பேப்பர்ல போட்டோ போடுதான். தேவபிரசாதம் அந்த வரிசையில தன்னய நிப்பாட்டிப் பாத்தான். முன்னால மூட்டை இல்ல, கட்டைவெரல் குப்பி. மூட்டை வச்சிருந்தவன் காசுக்குச் செஞ்சான்னு ஊரு விட்ரும். இவன எதுக்குலே கொண்டாந்தன்னு கேட்டா என்ன சொல்லுவான்?

பெரியதாழைல ஒரு தடவ இப்படித்தான், கரையொதுங்குன மூட்டைய சீனித்தாயோட ஆடு மேஞ்சிட்டு. கோயில் கொடிமரத்தடில மூணு நா படுத்துக் கெடந்துச்சு, யாரப் பாத்தாலும் இளிச்சுக்கிட்டு. போலீசு வந்து மூட்டையோட ஆட்டையும் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டான். ஆடு திரும்பி வரவே இல்ல. அந்த ஆட்ட நெனைச்சு நெனைச்சு தேவபிரசாதத்துக்குச் சோறு எறங்கல.

கடல்ல எறியலாம்னா கடக்கரை பூரா கேமரா. சாக்கடையில ஊத்தலாம்னா நாயி மோந்துருமோன்னு பயம். இதுல விஜிலாவோட தம்பி ஃபிராங்க்ளின் யாருன்னு நெனைக்க? கடலோரப் போலீஸ்ல ஏட்டு. ஞாயித்துக்கெழமை தவறாம அக்கா வீட்டுச் சாப்பாடு.

மண்டையப் போட்டு ஒடைச்சு ஒரு யோசனை பிடிச்சான். வீட்டுல அந்தோணியார் சுரூபத்துக்குப் பொறத்தால மந்திரிச்ச எண்ணெய்க் குப்பி இருக்கும்லா, அதுல சொட்டு எண்ணெய் இல்லாமக் கெடந்துச்சு. கஞ்சா எண்ணெய அதுல ஊத்திட்டான். கோயில் எண்ணெய எந்தப் போலீசும் தொட மாட்டான்னு கணக்கு. சின்னக் குப்பிய அரிசிப்பானைக்கு அடியில பொதைச்சான்.

ஊத்தி மூடுன பெறவுதான் மண்டைல ஒறைச்சுது. போலீசு தொட மாட்டான், சரி. மத்த எல்லாரும் தொடுவாவல்லா. நம்ம வீடுகள்ல அந்தக் குப்பிதான பெரியாஸ்பத்திரி. சுளுக்குன்னா அது, பிள்ளைக்கு வயித்துவலின்னா அது. மறுநா காலைலயே எதுத்த வீட்டு உமாராணி கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா, ரெண்டு சொட்டு தாங்க அக்கான்னு. இவன் குறுக்க விழுந்து, எண்ணெய் கெட்டுப்போச்சு, நாத்தமடிக்குன்னான். அந்தோணியார் எண்ணெய் கெட்டுப்போச்சுன்னு சொன்ன மொத மனுசன் இவந்தான். உமாராணி வாயப் பொத்திக்கிட்டு எறங்கிப் போனா.

அதுலருந்து சுரூபத்துக்குக் காவல் இருந்தான். சந்தைக்குப் போவல, ஆர்பருக்குப் போவல. வீட்டுலயே கெடக்கதுக்கு ஒரு சாக்கு வேணும்லா, கரண்டியக் கையில எடுத்தான். காலைல ஆப்பம், மத்தியானம் ஊளி மீன் கொழம்பு, சாயங்காலம் அவளுக்கு இஞ்சிச் சாயா. பாத்திரமும் அவனே வெளக்குனான். அவளையறியாம அவ அந்த எண்ணெயத் தொட்டுட்டா என்ன செய்யன்னு இன்னொரு பயம். போன்ல கீழ எழுதியிருந்ததெல்லாம் இப்பதான் ஒழுங்காப் படிச்சான். மணிக்கொரு தடவ கேட்டான்.

"ஒனக்கு நெஞ்சு அடிக்கா? வாய் காயுதா? எங்கயாது வலிக்கா?"

இருபத்தாறு வருசத்துல அவன் வாயில வராத கேள்வி. மொத நா அவ ஒண்ணுமில்லன்னா. ரெண்டாம் நாளும் ஒண்ணுமில்லன்னா. மூணாம் நா வலிக்குன்னா. எங்கனன்னான். சொன்னா. எப்பத்துலருந்துன்னான். அதையும் சொன்னா. அழுதுகிட்டே சொன்னா. இவன் லேஞ்சிய எடுத்து அவ மொகத்தத் தொடைச்சுட்டு, அதே லேஞ்சில தன் வேர்வையவும் தொடைச்சான்.

ஒரு வாரம் போச்சு. விஜிலா பூ வைக்கா. பாத்ரூம்ல பாடுதா. இவன் தட்டுல மீன் வைக்கும்போது கையப் பிடிக்கா. ஒரு மத்தியானம் செவத்தப் பாத்துப் படுத்திருந்தவ இந்தப் பக்கம் திரும்பி, சிரிச்சுக்கிட்டே அவன் நெஞ்சுல கைய வச்சா. ஏளா, வேற ஆம்பளையா இருந்தா கும்பிட்டு எடுத்துருப்பான். இவன் பயத்துல பொசுக்குன்னு எந்திச்சு அவ நாடியப் பிடிச்சுப் பாத்தான். எண்ணெயக் குடிச்சிட்டா, கொடிமரத்தடி ஆடு மாதிரியே சிரிக்கான்னு முடிவு பண்ணிட்டான். சிரிக்கித பொண்டாட்டியப் பாத்து அப்படி நடுங்குனவன நான் கண்டதில்ல.

ஞாயித்துக்கெழமை ஃபிராங்க்ளின் வந்தான், காலச் சாய்ச்சு சாய்ச்சு. படகுலருந்து குதிச்சதுல முட்டி வீங்கிட்டாம். தேவபிரசாதம் வாயத் தொறக்கதுக்குள்ள விஜிலா சுரூபத்துக்குப் பின்னால கைய விட்டு குப்பிய எடுத்துட்டா. தாராளமா ஊத்தி, தம்பி முட்டில பரபரன்னு தேய்க்கா.

"அத்தான், என்ன இப்படி வேர்க்கு ஒங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல மாப்ள. மணம் ஏதும் அடிக்கா?"

"கோயில் மணந்தான் அத்தான். வலி கேக்குது பாருங்களேன். அக்கா, குப்பியத் தா, ஸ்டேசன்ல வச்சுக்கிடுதேன். எங்க ஆளுவ பாதிப்பேருக்கு முட்டிவலி."

தேவபிரசாதம் அதுக்கு மேல பொறுக்கல. அவளக் குசினிக்கு இழுத்துட்டுப் போயி, கதவச் சாத்தி, எல்லாத்தையும் கக்கிட்டான். போனு, ரெக்சன், ஷேவிங் டப்பா, அரிசிப்பானை, ஆடு. அவ அடுப்புல கொழம்பக் கிண்டிக்கிட்டே கேட்டுட்டுச் சொன்னா.

"இசபெல்லா பத்து நாளைக்கு முந்தியே போன் போட்டுட்டா."

இசபெல்லான்னா ரெக்சன் பொண்டாட்டி. கப்பக்கார வீட்டுப் பொம்பளைங்களுக்குச் செய்தி கரைக்கு வந்த பெறவுதான் கப்பலே கரைக்கு வரும்.

"நீங்க ஊத்தி மூடிட்டு அங்கிட்டுப் போவதுக்குள்ள நான் அதக் கக்கூஸ்ல ஊத்தி, குப்பியக் கழுவிட்டேன். கோயில்ல வேற எண்ணெய் வாங்கி ஊத்தினேன்."

"அப்ப உமாராணி பிள்ளைக்கு?"

"நீங்க வெரட்டுன பெறவு நாந்தான் கொண்டு போயித் தடவுனேன்."

"அப்ப நீ சிரிச்சது?"

"டாக்டரம்மாட்ட போனேன். கஞ்சா எண்ணெயப் பத்தியும் கேட்டேன். யாருக்குச் செய்யும் யாருக்குச் செய்யாதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது, ஒனக்கு வறட்சி, அதுக்குக் களிம்பு இருக்குன்னு எழுதிக் குடுத்தாவ. வீட்டுக்காரர்ட்ட வலிக்குன்னு சொன்னியான்னு கேட்டாவ. அவுக கேக்கலியேன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே நீங்க கேக்க ஆரம்பிச்சுட்டீங்க."

அவனுக்கு உசுரு வந்துட்டு. கூடவே ரோசமும் வந்துட்டு. எல்லாம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம பத்து நாளா ஏண்டி என்னய சாவடிச்சன்னு கேட்டான்.

"பயத்துல நீங்க வைக்கித கொழம்பு நல்லாருக்கு," ன்னா.

அதோட விட்டாளா. லேபிள் ஒட்டுன அந்தச் சின்னக் குப்பி அரிசிப்பானைக்கு அடியில இல்ல, கழுவி அவ பீரோவுல பூட்டி வச்சிருக்கா. தம்பி ஞாயித்துக்கெழமை தவறாம வாரான்.

நீ சொன்ன மாதிரி எண்ணெய் பொம்பளைக்கு ஒண்ணும் செய்யல, ஒத்துக்கிடுதேன். ஆம்பளைக்கு நல்லாச் செய்யுது. நம்பாட்டா மேல பாரு. ஏலே தேவபிரசாதம், மழை தூறுது, ஒம் பொண்டாட்டி சேலையெல்லாம் கொடியில கெடக்கு, உள்ள கொண்டா.