நூறாம் நாள் மாமனார்

அறை எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்தான் இருந்தது. அவசரத்தில் தேர்வுச் சீட்டிலேயே வறுத்த சோயா வில்லை தெம்பேயைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த புத்திசாலி, நம் விர்யோ.

சோலோ நகரத்து கேதோப்ரக் நாட்டுப்புற நாடக மேடையில் இருபத்தாறு வருஷம் ராஜா, மந்திரி, ஆவி என்று வெளுத்து வாங்கியவர். தொலைக்காட்சித் தொடரில் மட்டும் பதினோரு முறை தேநீர்த் தட்டோடு வந்து, வாய் திறக்காமல் போனவர். "நாடகப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான் வசனம்" என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் சேர வயது வரம்பு நாற்பத்தைந்து. விர்யோவுக்கு அது இந்த வருஷத்தோடு முடிகிறது. இன்றைய நடிப்புத் தேர்வை விட்டால் ஆயுசுக்கும் தட்டுதான்.

பள்ளிக்குள் நுழைந்ததும் முதல் அறையை எட்டிப் பார்த்தார். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். எதிரே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

'ஆரம்பிச்சிட்டாங்க' என்று விர்யோ உள்ளே நுழைந்தார். கேதோப்ரக்கில் எழுதிய வசனம் ஏது? நடப்பதைப் பார்த்து, தான் யாரென்று நுழைகிறவனே முடிவு செய்ய வேண்டும். கூட ஆடுகிறவர் சொன்னதை மறுக்கவே கூடாது.

"மாப்பிள்ளை, என் மகளை ஏன் அழ வைக்கிறீங்க?"

"யாருய்யா நீ?" என்றார் அந்த மனிதர்.

"மாமனாரையே யாருன்னு கேக்குற அளவுக்கு வந்தாச்சா?"

அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். "எங்கப்பா செத்து நேத்தோட நூறு நாளுங்க."

அடேயப்பா, நமக்கென்றே வெட்டிய குழி என்று நினைத்துக்கொண்டார் விர்யோ. மறுக்கக் கூடாதே. கண்ணை மேலே செருகி, குரலை அடித்தொண்டைக்கு இறக்கினார்.

"அதனாலதாம்மா வந்தேன். நூறாம் நாள் சோறு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போகலாம்னு."

அவளுக்குக் குபுக்கென்று அழுகை பொங்கியது. "ஊரே வந்து பிரார்த்தனை பண்ணுச்சுப்பா. இவர் மட்டும் வரல. ஒத்திகையாம்."

"ரெத்னோ, இந்தக் கிறுக்கனோட சேர்ந்து நீயும்..."

"உங்க நாடகத்துக்கெல்லாம் நான் முன்வரிசையில வந்து உக்காந்தேனே, மாப்பிள்ளை," என்று விர்யோ குத்துமதிப்பாக அடித்துவிட்டார். "எனக்குன்னு ஒரே ஒரு நாள் நீங்க வந்து உக்காரக் கூடாதா?"

அந்த மனிதரின் உதடு துடித்தது. அப்படியே மண்டியிட்டு, விர்யோவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். "ஒரு நாடகம் விட்டதில்லப்பா நீங்க. நான்தான் பாவி. மன்னிச்சிருங்க."

என்ன நடிகன்யா, நிஜக் கண்ணீரே வருகிறதே என்று விர்யோ மலைத்துப்போனார். அந்தத் தலையில் கை வைத்தபோது அவருக்கும் அழுகை வந்துவிட்டது. ரெத்னோ கணவனின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். மூவரும் மூக்கைச் சிந்தினார்கள்.

"இது போதுங்களா?" என்றார் விர்யோ, பவ்யமாக. "நான் தேறிட்டேனா?"

"எதுல?" என்றார் ரெத்னோவின் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

விளக்குமாறோடு ஒரு அம்மாள் உள்ளே தலையை நீட்டி அவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"ஐயா, நடிப்புத் தேர்வுக்கு வந்தவங்க மாடியில ஒரு மணி நேரமாக் காத்துக் கிடக்காங்க. தேர்வு நடத்துற நீங்களே இங்க குடும்பச் சண்டை போட்டுக்கிட்டிருந்தா எப்படி?"