இருபத்தேழாவது மணி நேரம்

மார்ச் மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐம்பது நிமிடத்துக்கு, மண வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் தளத்தில், 204ஆம் அறையில், குடுவைகளைக் குலுக்கியபடியே நுண்ணுயிரி வளர்க்கும் ஷேக்கர் என்னும் இயந்திரத்தின் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டப்பட்டது.

அறிவியல் உலகம் இதுவரை நுண்ணுயிரிகளை வளர்த்திருக்கிறது, உறைய வைத்திருக்கிறது, தேவைப்பட்டபோது கொன்றும் இருக்கிறது. ஒரு நுண்ணுயிரியை விழா எடுத்துக் கௌரவித்ததாகத் தகவல் இல்லை. அந்தக் குறையைப் போக்கிய பெருமை எங்கள் நிறுவனத்தைச் சேரும். நான் அங்கே மக்கள் தொடர்பு அலுவலர். போக்கியதில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

விஷயம் இதுதான். தவிட்டில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. வாசனை கிடையாது. ஆனால் சில காட்டு ஈஸ்ட்கள் அதை வனிலா மணமாக மாற்றிவிடுகின்றன. எங்கள் ஒப்பந்த ஆய்வாளர், 'மூக்கு' என்று எல்லோராலும் அன்பாக அழைக்கப்பட்ட பெண்மணி, அப்படிப்பட்ட ஈஸ்ட்டைத் தேடி நான்கு வருடம் மரப்பட்டைகளைச் சுரண்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள். கடைசியில் அது கிடைத்தது எங்கள் வண்டி நிறுத்துமிடத்து மரத்தில். இயக்குநரின் காருக்கு நிழல் தரும் மரம் என்பதால், கண்டுபிடிப்பில் இயக்குநரின் பங்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

அந்த ஈஸ்ட்டிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நேரம் தவறாது. தவிட்டுச் சாற்றில் விட்டால் இருபத்தேழாவது மணி நேரத்தில் மணம் உச்சத்துக்கு வரும். அந்த நிமிடமே எடுத்துக் குளிர்வித்துவிட வேண்டும். விட்டால், வனிலா தனக்கே விஷம் என்பதால், மூன்று மணி நேரத்துக்குள் அதை வாசனையே இல்லாத வேறொன்றாக மாற்றிவிடும்.

நிதி தரும் ஆணையத்தின் தலைவர் இதைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர் திருப்தியடைந்தால் திட்டத்துக்கு மூன்று வருட நீட்டிப்பு. மூக்கின் ஒப்பந்தம் அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. ஆகவே முந்தைய வாரம் ஒரு முன்னேற்பாட்டுக் கூட்டம் கூடியது.

"ஷேக்கர் கதவைத் திறக்கறது யாரு?" என்று இயக்குநர் கேட்டார்.

"நான்தான் சார். முந்தின நாள் காலை எட்டு மணிக்கு ஈஸ்ட்டை விட்டா, மறுநாள் சரியா பதினோரு மணிக்கு எடுத்து ஐஸ்ல வெச்சிடணும்" என்றார் மூக்கு.

"நீங்க திறந்துட்டா, தலைவர் எதைத் திறப்பாரு?"

அறை யோசித்தது. நிர்வாக அலுவலர் கோப்பை மூடினார். "புதுக் கட்டடம் இல்ல, புது லிஃப்ட் இல்ல. திறந்து வைக்கறதுக்குன்னு நம்மகிட்ட இருக்கறது அந்த ஒரு கதவுதான் சார்."

"அவர் லேட்டா வந்தா?" என்று மூக்கு கேட்டார்.

"அவர் லேட்டா வரமாட்டாரும்மா. அவர் வர்றதுதான் நேரம்" என்றார் இயக்குநர்.

"அது ஈஸ்ட்டுக்குத் தெரியாதே சார்."

"கொஞ்சம் நிதானமா செய்யுற மாதிரி ஏதாவது பண்ண முடியாதா? நாங்கல்லாம் பண்றோமே."

மூக்கு வேறு வழி சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று எனத் தயாராகும்படி நாலைந்து குடுவை வைத்துக்கொள்ளலாம். நிர்வாக அலுவலர் பதறிவிட்டார். "நாலஞ்சு வெச்சா நமக்கே நம்பிக்கை இல்லன்னு நினைக்க மாட்டாரா?" ஒரே குடுவை என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டக் குறிப்பை நான்தான் எழுதினேன். 'ஒருமனதாக' என்று எழுதினேன்.

விழா நாள். ரிப்பன் கட்டியாயிற்று. வெல்வெட் துணி விரித்த தட்டில் கத்திரிக்கோல். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பணி.

பதினோரு மணி ஆனது. ஷேக்கரின் கதவு இடுக்கிலிருந்து மெல்லிதாக ஒரு மணம் வந்தது. இருபது வருடமாக மணங்களைப் பற்றிச் செய்திக் குறிப்பு எழுதுகிறேன். அன்றுதான் ஒன்றை முகர்ந்தேன். மூக்கின் கண்கள் கலங்கியிருந்தன.

தலைவரின் கார் இன்னும் கிளம்பவில்லை என்று போன் வந்தது.

பதினொன்றரைக்கு மூக்கு என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, கத்திரி உங்க கையிலதானே இருக்கு?"

"தட்டு மட்டும்தான்மா என் பொறுப்பு."

"நான் எடுத்து ஐஸ்ல வெச்சிட்டு திரும்பக் கட்டிடறேன். ரெண்டு நிமிஷம். யாருக்கும் தெரியாது."

"ரிப்பன்ல முடிச்சு ரெண்டு வந்துடுமேம்மா. போட்டோல விழும்."

இதை நான் மிகுந்த பொறுப்புணர்வோடு சொன்னேன். அவர் ஷேக்கர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கொரு தடவை கதவு இடுக்கில் முகர்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

தலைவர் இரண்டு நாற்பதுக்கு வந்தார். இரண்டு இருபத்தைந்துக்கே நிர்வாக அலுவலர் உள்ளே போய், கழிப்பறையிலிருந்து கொண்டுவந்த ரூம் ஸ்பிரேயை நான்கு மூலையிலும் அடித்திருந்தார். வனிலா. "ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

தலைவர் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். "அடடா! ஐஸ்கிரீம் கடைக்குள்ள வந்த மாதிரியில்ல இருக்கு. எல்லாம் தவிட்டிலேர்ந்தா?"

"ஆமாங்க ஐயா" என்றார் இயக்குநர்.

"காட்டு ஈஸ்ட்டுன்னு சொன்னாங்களே?"

"இப்ப நம்ம கட்டுப்பாட்டுல இருக்குதுங்க ஐயா."

ரிப்பன் வெட்டப்பட்டது. கைத்தட்டல். மூக்கு குடுவையை எடுத்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார், தலைவரிடம் நீட்டினார்.

"இதுல வாசனை இல்லைங்க. காலைல பதினோரு மணிக்கு இருந்துச்சு. இப்ப அதுவே மாத்திடுச்சு. ரூம்ல வர்றது ஸ்பிரே. நாளன்னிக்குப் பதினோரு மணிக்கு வாங்க, உண்மையானதைக் காட்டறேன்."

தலைவர் குடுவையை முகர்ந்தார். இயக்குநரைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"வருதே" என்றார்.

இயக்குநர் முகர்ந்தார். "நல்லா வருது ஐயா." நிர்வாக அலுவலர் குடுவைக்கு ஒரு கஜ தூரத்திலிருந்தே வருவதாகச் சொன்னார். பிறகு குடுவை என்னிடம் வந்தது. நனைந்த தவிட்டின் வாடை. மூக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருது" என்றேன்.

'காட்டு உயிரியை ஒழுக்கத்துக்குக் கொண்டுவந்த நிறுவனம்' என்ற தலைப்பில் நான் எழுதிய செய்திக் குறிப்பை ஆறு பத்திரிகைகள் வெளியிட்டன. திட்டம் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. ஆய்வாளரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. 'பார்வையிட்ட குழுவின் ஒருமித்த புலனறிவோடு முரண்படும் போக்கு' என்று காரணம் குறிக்கப்பட்டது. அந்தச் சொற்றொடரும் என்னுடையதே.

போகிற அன்று அவர் நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். 'காலை 11.00: முழு மணம்' என்று இருந்தது. கடைசி வரி: 'பகல் 2.00: ஒன்றும் இல்லை.'

ஈஸ்ட்டை வாரம் ஒருமுறை புதிய உணவுக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லை. ஏப்ரல் இறுதியில் அது செத்துவிட்டது. வண்டி நிறுத்துமிடத்து மரம் தலைவரின் அடுத்த வருகைக்காக வெட்டப்பட்டது. அங்கே இப்போது இரண்டு கார்கள் நிறுத்தலாம்.

பார்வையாளர்கள் தொடர்ந்து வருகிறார்கள். அவர்கள் வருவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு 204ஆம் அறையில் ஸ்பிரே அடிக்கப்படுகிறது. அந்தப் பணி மக்கள் தொடர்புப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிரிவில் நான் ஒருவன்தான்.