ஐயாவிடம் நிற்கும் லீவு

பென்னலூர்,
7.3.2004, ஞாயிறு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஏகாம்பரநாதன் அவர்களுக்கு, மாமியார் கனகம் எழுதுவது. இங்கே உடம்புக்குக் குறைவில்லை. பெங்களூரில் நீங்களும் சுகப்பிரியாவும் சுகம் என்று அவளே போனில் சொல்லிவிட்டாள். ஆகவே முறைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். நேரில் சொல்ல முகமில்லாததால் எழுதுகிறேன். படித்த பின் இதை அவளிடம் காட்ட வேண்டாம்.

பொங்கலுக்கு வந்தபோது நம் ரப்பர் வாஷர் கம்பெனிக்கு, வேலை செய்பவர்களின் விவரம் சொல்லும் ஒரு டைரக்டரி சர்வரை நீங்கள் அமைத்துக் கொடுத்தீர்கள். கேட், கேன்டீன், லீவு எல்லாம் யார் எவர் என்று அந்த ஒன்றையே கேட்கும். அதற்கென்று சொந்த ஞாபகம் கிடையாது. பின்னால் இருக்கும் எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸில் சம்பளப் பதிவு எப்படியோ அப்படியே பதில் சொல்லும். விலகிய தேதி காலியாக இருந்தால் ஆள் வேலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். லீவு விண்ணப்பம் பதவியில் மூத்தவருக்குத் தானே போய்விடும் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினீர்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் செய்ததுதான் வெட்கம். பதிவுகளைச் சரிபார்த்த அக்கவுன்ட்ஸ் பெண் சந்திரலேகா, சுகப்பிரியாவின் அப்பா பெயருக்கு நேரே விலகிய தேதி காலியாக இருக்கிறதே, என்ன போடட்டும் என்று கேட்டாள். அவர் எங்கே விலகினார் என்று நான் கேட்டேன். அந்தப் பெண் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டாள்.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, திரையில் முதல் வரியில், மூத்தவர் இடத்தில் உள்ள பெயரைப் படியுங்கள், உங்கள் பெயர்தானே என்று கேட்டீர்கள். கான்வென்டில் படித்து, மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவள் நான். உங்கள் நிச்சயதார்த்தப் பத்திரிகையின் ஆங்கிலத்தைக்கூடத் திருத்தித் திருப்பி அனுப்பியவள். ஆனால் கட்டிய கணவரின் பெயரை இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இறந்து நாலு வருஷமாகியும் முதல் வரியில் அந்தப் பெயர் பளிச்சென்று நிற்கிறது, நீங்கள் அங்கே காத்திருக்கிறீர்கள், எனக்கு நாக்கு எழவில்லை. “எல்லாம் சரியாக இருக்கிறது, மாப்பிள்ளை” என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். அவர் பெயர் மேலே இருந்ததில் ஒரு நிறைவு. லீவு எங்கே போய்ச் சேரும் என்பதை யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒருவர்கூட என்னிடம் லீவு கேட்டு வரவில்லை. கம்பெனிக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று சுங்குவார்சத்திரத்துச் சிநேகிதி லூர்தம்மாளிடம் பெருமையடித்தேன். அதோடு, ரிசப்ஷனில் உள்ள அவர் படத்துக்குத் தினமும் யாராவது பூ வைத்தார்கள், ஊதுபத்தி ஏற்றினார்கள், கண்ணை மூடி முணுமுணுத்தார்கள். போன பிறகும் இவ்வளவு விசுவாசமா என்று நெகிழ்ந்து, எல்லோருக்கும் கேன்டீனில் கேசரி போடச் சொன்னேன், மாப்பிள்ளை. கேசரி.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து பேக்கிங்கில் வேலை செய்யும் மாடத்தி வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில் பக்கத்தில் அவள் ஊரில் அவளுக்கு நிச்சயதார்த்தம். பெண் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். கம்ப்யூட்டரில் அனுமதி வராமல் யாரையும் அனுப்புவதில்லை, ரூல் இஸ் ரூல் என்றேன். அவள் நகரவில்லை.

“அம்மா, லீவு ஐயாட்டதான் நிக்கி. மாலை போட்டும் பாத்தாச்சி. நான் இனி யாருட்ட போயி கேக்க?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன் சின்னப்பையனைப் பார்த்தேன்.

“ஆமாம்மா. அல்லாரும் ஐயா படத்தாண்டதான் கேட்டுக்கினு கீறாங்க. என் மச்சினிச்சி கண்ணாலத்துக்குக் கேட்டதும் அங்கியேதான் கீது.”

என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்களாண்ட யார்மா சொல்றது? ஐயாவே சொன்னது இல்ல” என்றான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. மேஜையில் கிடந்த தாளை எடுத்து லீவு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாடத்தியை ஊருக்கு வண்டி ஏறக் கம்பெனி வேனிலேயே தாம்பரத்துக்கு அனுப்பினேன். நேற்று ஆபீசுக்குப் போன் செய்தாள், நிச்சயம் நல்லபடியாக முடிந்ததாம். எல்லாம் ஐயா புண்ணியமாம்.

ஆகவே தயவுசெய்து அடுத்த வாரமே வந்து, முதல் வரியில் என் பெயர் வரும்படி செய்து கொடுக்கவும். விலகிய தேதியை நானே போட்டு வைக்கிறேன். என் பிடிவாதத்தால் உங்கள் வேலைக்குக் கெட்ட பெயர் வந்தது, மன்னிக்கவும். சுகப்பிரியாவுக்கு என் ஆசி. உங்கள் தாயாருக்கு என் வணக்கம். இந்தச் சங்கதி மட்டும் அவர்கள் காதுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
கனகம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், அவருக்கு விலகிய தேதி போடக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். தேதி போட்டதும் காரணம் கேட்கிறது. ராஜினாமா, ஓய்வு, பணிநீக்கம் என்று மூன்றே மூன்றுதான் வைத்திருக்கிறீர்கள். அவர் ராஜினாமா செய்கிற மனிதரில்லை. ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை. அவரை வேலையை விட்டு நீக்க எனக்கு அதிகாரமும் இல்லை. போட்ட தேதியை அழித்துவிட்டேன். நாளை முதல் லீவு வேண்டுபவர்கள் தாளில் எழுதி என்னிடமே தர வேண்டும் என்று சின்னப்பையனிடம் சொல்லியாயிற்று. நீங்கள் வர வேண்டாம். வந்தாலும், நான்காவதாக ஒரு காரணத்தைச் சேர்த்துவிட வேண்டாம்.