பஸ்ஸில் வந்த முருங்கைக்காய்

பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் பிடிப்பதில்லை என்று எண்பத்தேழாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு முடிவு எடுத்தேன். கேட்க வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். இருந்தாலும் பொதுக்கூட்டத்தில் அறிவிப்பது போலத்தான் அறிவித்தேன்.

காரணம் இருக்கிறது. நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் நான். ரைட்டர் வேலுசாமி என்றால் ஏற்காட்டில் நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். ரிட்டயர் ஆனதும் வந்த பணத்தில், ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காக வீட்டை ஒட்டி மூன்று ரூம் கட்டினேன். வெந்நீர் உண்டு, கம்பளி உண்டு, ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். கொஞ்சம் எக்கிப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டில் துணி காயப்போடாமலும் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் ஒரே ஒருவர் உள்ளே வந்தார். மீட்டர் பார்க்க வந்தவர், மழைக்கு ஒதுங்கினார்.

"ஏனுங்க," என்றாள் என் மனைவி பழனியம்மாள். "மே மாசமும் இப்பிடியே போச்சுன்னா ரூமை எந் தம்பிகிட்டக் குடுத்தரலாமுங்க. மொளகு மூட்டை போட எடமில்லைன்னு தவிக்கிறான்."

"மாதேஸ்வரன்கிட்டயா? வெந்நீர்க் குழா வெச்சுக் கட்டுன ரூமுல மொளகு மூட்டையா?"

"மொளகு குளிக்காதுங்க. வெறகு மிச்சம்."

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது."

"அப்ப பெரியண்ணனாட்டம் பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்க. அவரு ஊடு என்னைக்காச்சும் காலியா இருக்குதுங்களா?"

பெரியண்ணன் பக்கத்து வீட்டுக்காரன். அவனும் ரூம் விடுகிறான். சேலம் பஸ் நிற்பதற்குள் தொற்றி ஏறி, யாராவது ஒருவர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பான். பெட்டிக்குச் சொந்தக்காரர் குடும்பத்தோடு பின்னாலேயே ஓடி வருவார். அவன் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். அதற்குப் பெயர் புக்கிங்காம்.

"நான் ரைட்டர். ஆளு நம்மளத் தேடி வரோணும்," என்றேன்.

தேடி வருவதற்கு ஒரு போர்டு எழுதினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மரத்தில் கட்டினேன். 'அமைதி, தூய்மை, ஏரிக்காட்சி' என்று தொடங்கி, கீழே தங்குவோருக்கான பதினேழு விதிமுறைகள். என் கையெழுத்து எஸ்டேட் முழுக்கப் பேர் போனது. ஒரு வாரம் போர்டு தொங்கியது. ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் பழனியம்மாள் ஒரு நாள் காலையில் சொன்னாள். "ஏனுங்க, சேலத்துல எங்கக்கா முருங்கைக்கா குடுத்துவுடறாளாம். ஒம்போது மணி பஸ்ஸுல வருது. போய் வாங்கியாந்துருங்க."

எங்கள் மலையில் இது வழக்கம். மருந்து, மல்லிகைப்பூ, கல்யாணப் பத்திரிகை எல்லாமே கண்டக்டர் கையில் ஏறி வரும். வாங்குகிறவன் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

"கோட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க. பனியடிக்குது."

"மே மாசத்துலயா?"

"உங்க ஒடம்புக்கு ஆகாதுங்க."

என் மேல் அவளுக்கு நொம்ப அக்கறை. ரிட்டயர் ஆன அன்று எஸ்டேட்டில் கொடுத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

பஸ் வந்தது. பெரியண்ணன் பாய்ந்தான். தர்மபுரிக் குடும்பம் ஒன்று பெட்டியை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு மிரண்டு நின்றது. அந்தக் கூச்சலில் வாயைத் திறக்காமல், கோட்டோடு நின்ற மனிதன் நான் ஒருவன்தான். நேராக என்னிடம் வந்தார்கள்.

"ஐயா, பாத்தாப் பெரிய மனுசராட்டம் இருக்கறீங்க. கொழந்தைகளோட தங்க நல்ல எடம் ஒண்ணு சொல்லுங்க."

"நான் யாரையும் கூப்புடறதில்லீங்க," என்றேன். "அதோ ஒரு போர்டு இருக்குது. படிச்சுப் பாருங்க."

படித்தார்கள். ஒன்பதாவது விதி வரைக்கும் படித்தார்கள். "இது யாரு ஊடுங்க?"

"நம்முளுதுதான்."

ஒரு கையில் முருங்கைக்காய், பின்னால் தர்மபுரி. வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா, போர்டு," என்றேன்.

"போர்டேதானுங்க," என்றாள் அவள்.

அதற்கப்புறம் அக்காள் பாசம் பெருக்கெடுத்தது. மரம் காய்த்துத் தள்ளுகிறதாம். தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் ஒரு பை. தினமும் நான், கோட்டு, போர்டு. மலர்க் கண்காட்சி தொடங்குவதற்குள் மூன்று ரூமும் நிரம்பிவிட்டன. ஒரு குடும்பம் போனால் மறுநாளே இன்னொன்று வந்தது. மாதேஸ்வரன் ரூமை அளந்து பார்க்க டேப்போடு வந்தான். ஜன்னலில் எக்கி நின்று ஏரியைத் தேடிக்கொண்டிருந்த ஈரோட்டு விருந்தாளிகளைக் காட்டினேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனான். அன்று எனக்கு வந்த பெருமை, எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷத்தில் வந்ததில்லை.

முருங்கைக்காய்ச் சாம்பாரும் அன்று தனி ருசி. "என்ன இருந்தாலும் சேலத்துக் காய் சேலத்துக் காய்தான். நம்மூரு ஒண்டிக்கடை முக்குல விக்கறது வெறும் நாரு," என்றேன். அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பெரியண்ணன் கிட்டே வந்தான். "ரைட்டரய்யா, நான் தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க வாயே தொறக்காம ஆளு புடிக்கறீங்க. தொழில்ல நீங்க எனக்கு மேல."

"யாரப்பா ஆளு புடிக்கறது? நான் முருங்கைக்கா வாங்க வந்தவன்," என்று சீறினேன்.

கண்டக்டர் கிறிஸ்துதாஸ் பையை நீட்டினான். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இந்தக் காயை ஒண்டிக்கடையில வாங்கி, காலையில மொதல் டிரிப்புல உங்க ஊட்டுக்காரம்மாதான் குடுத்துவுடறாங்க. சேலம் வரைக்கும் போயிட்டு, திரும்பி வரும்போது உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி. சமைச்சது போக மிஞ்சுன காயே மறுநாளும் ஏறி வருதுங்க. இருவது கொண்டை ஊசி வளைவுல சுத்திச் சுத்தி அதுக்கே தலை கிறுகிறுத்துருக்கும்."

அவள் விடிகாலையில் பால் வாங்கப் போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். பையோடு வீட்டுக்கு நடந்தேன்.

"பழனியம்மா, உங்கக்கா ஊட்டுல முருங்கை மரம் இருக்குதா?"

"இல்லீங்க. எடம் ஏதுங்க அங்க?" கொஞ்சமும் அசராமல் சொன்னாள்.

"ரைட்டரை ஆள் புடிக்கறவனாக்கிட்டியே. இனி அந்த பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

"வேண்டாமுங்க. நாளைக்கு மூணு ரூமும் காலியாகுது. நானே போய் நின்னுக்கறேன்."

"நீயா? ரைட்டர் சம்சாரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறதா?"

"இல்லைன்னா மொளகு இருக்குதுங்களே."

மறுநாள் யாரும் சொல்லாமலே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாங்க ஒன்றுமில்லை, சாக்கும் இல்லை. ஒரே பஸ்ஸில் இரண்டு குடும்பம். பெரியண்ணனுக்கு அன்று ஒரு பெட்டிகூடச் சிக்கவில்லை. ஒண்டிக்கடை வழியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் கூட்டி வந்தேன். வாசலிலேயே பழனியம்மாள் நின்றிருந்தாள்.

"நொம்ப சந்தோசமுங்க," என்றாள். "கோட்டைக் கழட்டீராதீங்க. பத்தரைக்குக் குப்பனூர் வழியா ஒரு பஸ் வருது."